தூத்துக்குடிப் பெரிய கோயில்: ஊர் காத்த அன்னையும் அன்னையைக் காத்த ஊரும்

மதுரையிலிருந்து தெற்கே புறப்படும் ரயில் பாதை திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் காட்டைக் கடந்து, மணியாச்சியில் கிழக்கே பிரிந்து, தூத்துக்குடியில் கடலோரம் போய் நிற்கிறது. 1876ஆம் ஆண்டு இந்தப் பாதை திறக்கப்பட்டபோது கரிசல் பருத்தி துறைமுகம் போய்ச் சேரவேண்டும் என்பதே முதல் கணக்கு. பருத்திப் பொதி தெற்கே போனது. உப்பும் கருவாடும் வடக்கே வந்தன. ஆனால் மதுரைச் சீமைக்கும் தூத்துக்குடிக் கடலுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் ரயிலுக்கு மிக முந்தையது. கொற்கை முத்து பாண்டியரின் செல்வமாக இருந்தது. நாயக்கர் காலத்தில் முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) நடந்தால் மதுரை அரசருக்கு அதில் உரிமைப் பங்கு உண்டு. வரி, படையெடுப்பு, அடைக்கலம், வழிபாடு என்று எல்லா வகையிலும் இந்த உறவின் தடம் பதிந்திருக்கும் ஓர் இடம் இன்றும் தூத்துக்குடியில் இருக்கிறது. ஆவணங்களில் அது பனிமய மாதா பேராலயம். ஊருக்கு அது பெரிய கோயில்.

கத்தோலிக்க ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு. ஒரு புனிதரையோ அன்னை மரியாவையோ பாதுகாவலராக ஏற்று, ஆண்டுதோறும் கொடியேற்றித் திருவிழா எடுப்பது மரபு. பெரும்பாலான இடங்களில் கோயில் கட்டியவரும் பெயர் சூட்டியவரும் குருக்கள்; மக்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டவர்கள். தூத்துக்குடியின் கதை அப்படிப்பட்டதன்று. இங்கே கோயில் இடிபட்டது, பறிபோனது, குருக்கள் விரட்டப்பட்டார்கள், ஆட்சி நான்கு கை மாறியது. அத்தனைக்கும் நடுவே அன்னையின் சுரூபத்தைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் கடலோடிகளான பரதவர்கள். அன்னை ஊரைக் காத்தாள் என்பது அவர்களின் நம்பிக்கை. ஊர் அன்னையைக் காத்தது என்பது வரலாற்றில் பதிவாகியிருக்கும் செய்தி.

முத்தும் முழுக்கும்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்னியாகுமரியிலிருந்து இராமேசுவரம் வரை நீண்ட முத்துக்குளித்துறையில் குளித்து முத்தெடுத்தவர்கள் பரதவர்கள். அரபு நாடுகளோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த கடலோர முஸ்லிம் வணிகர்கள் சலாபத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1530களின் தொடக்கத்தில் இரு தரப்புக்கும் இடையே மோதல் வெடித்தது. ஒரு பரதவரின் காது அறுக்கப்பட்டதே தொடக்கம் என்று மரபுக் கதை கூறும். கடலை யார் ஆள்வது, உழைப்புக்கு யார் விலை வைப்பது என்பதே அதன் அடியில் இருந்த வழக்கு.

இந்த நேரத்தில்தான் ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகர் பரதவத் தலைவர்களுக்கு ஒரு வழி காட்டினார். போர்த்துக்கீசியரின் துணையை நாடுங்கள், அவர்களின் மறையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் யோசனை. தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். அங்கே திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார்கள். 1535 முதல் 1537 வரையில் கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. அரசியல் அடைக்கலம் தேடி எடுத்த முடிவுதான் அது. ஆனால் அந்த அடைக்கலம் போய் ஒழிந்த பிறகும் அவர்கள் ஏன் அந்த மறையிலேயே நின்றார்கள் என்ற கேள்விக்கு அரசியல் மட்டும் விடையாகாது.

1542ஆம் ஆண்டு அக்டோபரில் இயேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். இனிகோ லொயோலாவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் ஒன்று 1542 அக்டோபர் 28 அன்று தூத்துக்குடியில் எழுதப்பட்டது. தமிழ் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து மன்றாட்டுகளை மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணி எடுத்துத் தெருத் தெருவாக அடித்துப் பிள்ளைகளை அழைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜூனில் விஜயநகரத்தின் சார்பில் வடுகப் படை கரையைச் சூறையாடியபோது, பரதவர்கள் குமரிமுனைக்கு அருகே கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறித் தண்ணீரும் சோறும் இல்லாமல் தவித்தார்கள். சவேரியார் மணப்பாட்டில் தோணிகளைத் திரட்டி உணவும் நீரும் ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று தோணிகளை விடவில்லை. பிறகு நிலவழியாக நடந்தே போனார். ஆபத்தில் கூட நின்றவர் என்ற நினைவு இப்படித்தான் ஒரு சமூகத்தில் வேர்விடுகிறது.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் (என்றிக்கே என்றிக்கஸ்) இன்னும் ஆழமாக உழுதார். புன்னைக்காயலில் மருத்துவமனை நடத்தினார்; தமிழ் கற்றார், இலக்கணம் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகியது. இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூலாக இன்று எஞ்சியிருப்பது அந்தச் சிறு நூல்தான். 1586இல் வந்த 'அடியார் வரலாறு' புனிதர்களின் வாழ்க்கைகளைத் தமிழில் சொன்னது. அவற்றைப் படிக்கக் காத்திருந்த முதல் வாசகர்கள் இந்தக் கடற்கரை மக்கள். ஐரோப்பியப் புனிதர்கள் முத்துக்குளித்துறையின் ஊர்ப் பாதுகாவலர்களாக மாறியதற்குப் பின்னால் இந்தத் தமிழ் உரைநடைக்கு ஒரு பங்கு உண்டு. அண்டிரிக் அடிகளார் 1600ஆம் ஆண்டு மறைந்தார். அவர் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

கப்பலில் வந்த அன்னை

தூத்துக்குடியில் முதலில் எழுந்தது புனித இராயப்பர் பெயரிலான சிறிய கோயில். மீனவராக இருந்து திருத்தூதரான இராயப்பரைக் கடலோடிகள் பாதுகாவலராகக் கொண்டது இயல்பானது. அன்னையின் சுரூபம் வந்தது 1555ஆம் ஆண்டு என்கிறது ஊர் மரபு. சவேரியார் கேட்டுக்கொண்டதன்பேரில், மணிலாவில் இருந்த ஒரு கன்னியர் மடத்திலிருந்து, 'சந்தா எலேனா' என்ற கப்பலில் அது கொண்டுவரப்பட்டதாம்.

வரலாறு படிப்பவருக்கு இங்கே ஒரு நெருடல் தோன்றும். ஸ்பானியர்கள் மணிலாவைத் தங்கள் நகரமாக்கியது 1571ஆம் ஆண்டுதான். சவேரியார் இறந்தது 1552இல். எனவே மணிலா மடத்துச் செய்தியை அப்படியே ஏற்க வழியில்லை. ஆனால் மரபின் சாரத்தைத் தள்ளிவிடவும் தேவையில்லை. தொலைவிலிருந்து கடல் வழியாக வந்த அன்னை என்பதே கடலோடிகள் பற்றிக்கொண்ட நினைவு. எந்தத் துறையிலிருந்து கப்பல் புறப்பட்டது என்பது பிற்காலத்தில் சேர்ந்திருக்கலாம்.

இயேசு சபையினர் தூத்துக்குடியில் பெரிதாகக் கட்டிய கோயில் 1582 ஆகஸ்ட் 5 அன்று நேர்ந்தளிக்கப்பட்டது. அதை முதலில் இரக்கத்தின் மாதா பெயரால் அழைத்தார்கள். நேர்ந்தளித்த நாள் பனிமய மாதாவின் திருநாள் என்பதால் அந்தப் பெயரே காலப்போக்கில் நிலைத்துவிட்டது.

அந்தத் திருநாளின் வேர் ரோம் நகரில் இருக்கிறது. திருத்தந்தை லிபேரியுஸ் காலத்தில், 4ஆம் நூற்றாண்டில், கொளுத்தும் ஆகஸ்ட் மாதத்தில் எஸ்குலின் குன்றின்மேல் பனி பெய்து, அன்னைக்குக் கோயில் கட்டவேண்டிய இடத்தை அடையாளம் காட்டியது என்பது மரபு. இன்று அங்கே நிற்கும் மரியா மஜோரே பேராலயம் 5ஆம் நூற்றாண்டில், எபேசு பொதுச்சங்கத்துக்குப் பின் எழுந்தது. ஆகஸ்ட் 5 அன்று அதன் விதானத்திலிருந்து வெள்ளை மலரிதழ்களைப் பனிபோலச் சொரிவது வழக்கம். 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். ரோம் நகரின் அந்தத் திருநாள், வெயிலும் உப்பளமும் சூழ்ந்த ஒரு தமிழ்த் துறைமுகத்தின் ஊர்த் திருவிழாவாகி 440 ஆண்டுகள் கடந்துவிட்டன.

மதுரையின் நிழல்

போர்த்துக்கீசியருக்கும் நாயக்கருக்கும் இடையில் வரி கட்டும் குடிகளாக மாட்டிக்கொண்டவர்கள் பரதவர்கள். கடல் ஒருவர் கையில், நிலம் இன்னொருவர் கையில். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாயக்கரின் ஆட்கள் தூத்துக்குடிக்குள் புகுந்து கோயிலுக்குச் சேதம் விளைவித்தார்கள். குருக்களும் மக்களும் ஊரையே காலி செய்துகொண்டு, எதிரே கடலில் தெரியும் இராசத் தீவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்று முயல் தீவு எனப்படும் அந்த மணல் திட்டில் 1604 முதல் 1610 வரை வாழ்க்கையும் வழிபாடும் நடந்தன. சமரசம் ஏற்பட்ட பின்பே ஊர் திரும்பினார்கள். வரிக்கு எதிராக ஓர் ஊரே கடலுக்குள் இறங்கிப் போய் உட்கார்ந்த இந்த நிகழ்வு நாயக்கர் வரலாற்றை எழுதுபவர்களால் போதிய அளவு பேசப்படவில்லை.

இதே காலத்தில் மதுரை நகரத்திலும் ஒரு சிறு கோயில் இருந்தது. வணிகத்துக்காக அங்கே தங்கியிருந்த பரதவர்களுக்காக, 1595ஐ ஒட்டி, கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற இயேசு சபைக் குரு நாயக்கரின் அனுமதியோடு அமைத்தது அது. பதினோரு ஆண்டுகள் உழைத்தும் மதுரைக்காரர்களில் ஒருவர்கூட அவரிடம் மறையில் சேரவில்லை. மதுரையின் பார்வையில் அது பறங்கி மார்க்கம். பரதவர்கள் பறங்கிகளைச் சார்ந்தவர்கள். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இந்தப் பெயரைக் கழற்றத்தான் காவியுடுத்தி, சைவ உணவு உண்டு, தத்துவபோதகர் என்ற பெயரோடு தனியே வாழ்ந்தார். அவர் மதுரை வருவதற்கு முன் தங்கித் தமிழ் கற்றது முத்துக்குளித்துறையில் என்பதை மறந்துவிடக்கூடாது.

கிறித்தவத்தைத் தமிழ் மண்ணுக்கு ஏற்பத் தகவமைத்தவர் நொபிலி என்பதே நூல்கள் சொல்லும் செய்தி. அது உண்மை, ஆனால் பாதி உண்மை. நொபிலி ஒரு தனி மனிதராக, நூலறிவின் துணையோடு செய்ததை, பறங்கி மார்க்கத்தார் என்று இகழப்பட்ட பரதவர்கள் ஓர் ஊராகக் கூடி, விழாவாகவும் தேராகவும் மரியாதை முறையாகவும் செய்தார்கள். அவர்கள் அதற்குக் கோட்பாடு எழுதவில்லை. எழுதாததால் அது குறைந்ததாகிவிடாது.

ஒல்லாந்தர் வந்த பிறகு

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர்; சுரூபமும் செபமாலையும் அவர்களுக்கு ஆகாதவை. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோயில் அவர்கள் வசமானது. படையோடு வந்த பிலிப்பு பால்தேயுஸ் என்ற போதகர் பரதவர்களைத் தம் சபைக்குக் கொண்டுவர முயன்றார். அவர் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலிலேயே, பரதவர்கள் தம் பழைய மறையை விட மறுத்துவிட்டதைக் குறையாகப் பதிந்திருக்கிறார்.

பாதுகாப்பு வேண்டிச் சேர்ந்தவர்கள் என்று பரதவர்களைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். இப்போது பாதுகாப்புத் தரக்கூடிய கப்பல்களும் பீரங்கியும் ஒல்லாந்தரிடம் இருந்தன. சலாபமும் அவர்கள் கையில். சபை மாறினால் ஆதாயம், மாறாவிட்டால் இழப்பு. அவர்கள் மாறவில்லை. சுரூபத்தை எடுத்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே வைத்து வழிபட்டார்கள். உள்நாட்டிலிருந்து குருக்கள் மறைவாக வந்து திருப்பலி நிறைவேற்றிப் போனார்கள். சில தலைமுறைகள் இப்படியே கடந்தன.

ஒல்லாந்தர் கால ஆவணங்களில் சலாபத்தின் உள்ளமைப்பும் கிடைக்கிறது. முத்துக்குளிப்பவர் காலில் ஒரு கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கழுத்தில் தொங்கும் வலைப்பையில் சிப்பிகளைத் தடவிச் சேர்ப்பார். மூச்சு முட்டியதும் கயிற்றை இழுப்பார். தோணியில் நிற்பவர் மேலே தூக்குவார். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சினனைத்தான் நிறுத்த வேண்டும், தன் அக்கா தங்கை தாலிக்கு அவன்தான் பயப்படுவான் என்று கடற்கரையில் சொல்வார்கள். ஒரு கல் என்பது ஒரு குளிப்பாளியின் உரிமை. வரியில்லாமல் இத்தனை கல் என்று ஒவ்வொருவருக்கும் கணக்கு இருந்தது. மதுரை நாயக்கருக்கு 96½ கல். சேதுபதிக்கும் பரதவத் தலைவர்களான பட்டங்கட்டிமாருக்கும் தனித்தனிப் பங்கு. மதுரையில் இருக்கும் அரசருக்காக இங்கே ஒரு குளிப்பாளி மூச்சடக்கினார்.

சுறா மீனுக்கு அஞ்சி, மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டும் 'கடல்கட்டி' வரும்வரை தோணி ஏறாத வழக்கமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைச் சலாபங்களைப் பார்த்து எழுதிய ஆங்கிலேயர்கள், அந்தக் கடல்கட்டியே கத்தோலிக்கராக இருந்ததைக் குறித்திருக்கிறார்கள். இவ்வளவு ஆபத்தான தொழிலில் பாதுகாவலி என்ற சொல்லுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொருள் மட்டும் இருக்க முடியாது. அது ஒவ்வொரு முக்குக்கும் முன் உதட்டில் வரவேண்டிய பெயர்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தரின் கெடுபிடி தளர்ந்தது. சலாபத்துக்கு ஆள் வேண்டும். ஆள் வேண்டுமென்றால் அவர்களின் கோயிலை விட்டுவைக்க வேண்டும் என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தார்கள். 1707இல் சுரூபம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் பேரிடி விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை என்றும், அதைக் கண்ட விஜிலியுஸ் மான்சி என்ற குரு அன்னைக்குப் பெரிய கோயில் கட்ட உறுதிபூண்டார் என்றும் ஊர் மரபு கூறுகிறது. 1712இல் தொடங்கிய வேலை விரைந்து முடிந்து, 1713 ஆகஸ்ட் 5 அன்று கோயில் நேர்ந்தளிக்கப்பட்டது. இன்று நாம் பார்க்கும் பெரிய கோயில் அதுதான். ஒரு சீர்திருத்தச் சபை அரசின் கண்ணெதிரே, அதன் ஆளுகைக்குட்பட்ட துறைமுகத்தில், கத்தோலிக்க அன்னைக்கு எழுப்பிய கோயில். ஒல்லாந்தர் தமக்கென்று அதே நகரில் 1750இல் கட்டிய திரித்துவ ஆலயமும் இன்றுவரை இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு 18ஆம் நூற்றாண்டுத் தூத்துக்குடியின் அரசியல் நன்றாக விளங்கும்.

பொன்ரதம்

1759 முதல் போர்த்துக்கல் இயேசு சபையினரைத் தன் நாடுகளிலிருந்து வெளியேற்றியது; 1773இல் திருத்தந்தையே சபையைக் கலைத்தார். குருக்கள் எண்ணிக்கை சுருங்கியது. இந்த இடைவெளியில் கோயிலின் பொறுப்பு பெருமளவு ஊர்ப் பெரியவர்கள் தோளில் விழுந்தது. பரதவர்களின் சாதித் தலைவர் பாண்டியபதி என்ற பட்டத்தோடு அழைக்கப்பட்டார். போர்த்துக்கீசியர் தந்த 'தொன்' என்ற முன்னொட்டும் பாண்டியரோடு உறவு சொல்லும் பட்டமும் ஒரே ஆளுக்கு உரியவையாக இருந்தன.

அவர்களில் ஒருவரான தொன் கபிரியேல் தெக்குருஸ் வாஸ் கோமஸ் 1806ஆம் ஆண்டு அன்னைக்குத் தங்கத் தேர் செய்தளித்தார். பொன்ரதம் என்றும் அதைச் சொல்வார்கள். 53 அடி உயரம், மரத்தில் அடுக்கடுக்காக எழும் அமைப்பு, அதன்மேல் பொன் பூச்சு, இழுக்க வடம், நடுவே குழந்தை இயேசுவை ஏந்திய அன்னை. திருநெல்வேலியிலும் மதுரையிலும் தேரோட்டம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இதில் எதுவும் புதிதன்று. தேருக்கு வடம் பிடிப்பதும், தலைவருக்கு முதல் மரியாதை செய்வதும், தேர் நிலைக்கு வந்து சேரும்வரை ஊரே தெருவில் நிற்பதும் தென்பாண்டி நாட்டின் பொது வழக்கம். சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட ஆய்வு நூலில், தென்னிந்தியக் கிறித்தவம் கோயில் பண்பாட்டோடும் அரசுரிமைச் சடங்குகளோடும் பின்னிப்பிணைந்து வளர்ந்ததற்கு முத்துக்குளித்துறைப் பரதவர்களை முதன்மையான சான்றாக எடுத்துக்கொண்டார்.

பொன்ரதம் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. ஆண்டு விழாவில் அன்னை சப்பரத்தில் பவனி வருவார். சிறப்பான காரணம் இருந்தால்தான் தேர் வெளியே வரும். கோயிலின் 300ஆம் ஆண்டான 2013இலும், தூத்துக்குடி மறைமாவட்டத்தின் நூற்றாண்டான 2023இலும் அது ஓடியது. 1806இலிருந்து இதுவரை ஓடிய ஆண்டுகளை இருபது விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதனால்தான் தாத்தா எந்தத் தேரைப் பார்த்தார், அம்மா எந்தத் தேருக்குக் கைக்குழந்தை என்று தூத்துக்குடிக் குடும்பங்கள் வயதுக் கணக்கைத் தேரை வைத்துச் சொல்ல முடிகிறது.

ஒரே ஊரில் இரு கோயில்

ஊர் ஒற்றுமையைப் பற்றி மட்டும் எழுதினால் இந்த வரலாறு நேர்மையாக இருக்காது. பரதவர்களுக்குள்ளேயே மேசைக்காரர், கமாரக்காரர் என்ற பிரிவு இருந்தது. முன்னவர்கள் வணிகமும் தலைமையும் கொண்ட வசதியானவர்கள்; பின்னவர்கள் கடலில் இறங்கி உழைத்தவர்கள். கோயிலில் யார் முன்னே நிற்பது, யாருக்கு எந்த மரியாதை என்பதில் பூசல்கள் நடந்தன. பிற சாதிக் கத்தோலிக்கர்கள் பெரிய கோயிலில் தமக்குரிய இடம் கேட்டதும் மோதலானது.

இதன்மேல் ஐரோப்பாவிலிருந்து வந்த இன்னொரு வழக்கும் ஏறிக்கொண்டது. ஆசியாவில் கோயில்களை நிர்வகிக்கும் உரிமை தங்களுடையது என்று போர்த்துக்கல் பழைய உடன்படிக்கைகளைக் காட்டியது. ரோம் அதை ஒடுக்கி, இதற்குள் மீண்டும் நிறுவப்பட்டிருந்த இயேசு சபையின் பிரெஞ்சுக் குருக்களிடம் 1838இல் மதுரை மிஷனை ஒப்படைத்தது. போர்த்துக்கல் தரப்பினரான கோவாக் குருக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய கோயில் அவர்கள் தரப்பிலேயே நின்றது. சாதித் தலைமையும் அவர்களோடு. இயேசு சபையினர் 1840களில் சற்றுத் தள்ளி இயேசுவின் திருஇருதயத்துக்குத் தனிக் கோயில் எழுப்பினார்கள். ஊர் அதைச் சின்னக் கோயில் என்றது.

1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமானது. இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் அதன் முதல் ஆயர். தற்காலத்தில் இலத்தீன் வழிபாட்டுமுறைத் திருச்சபைக்கு இந்தியர் ஒருவர் ஆயரானது அதுவே முதல் முறை. ஆயரின் இருக்கை அமைந்த தலைமைக் கோயில் சின்னக் கோயில்தான். நிர்வாகத்தின் தலைமை ஒரு கோயிலில், மக்கள் மனத்தின் தலைமை இன்னொரு கோயிலில் என்ற நிலை இன்றும் தொடர்கிறது. 1582இன் 400ஆம் ஆண்டான 1982இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பெரிய கோயிலை பசிலிக்கா நிலைக்கு உயர்த்தியபோது, அந்த மக்கள் தீர்ப்புக்கு ரோமின் முத்திரையும் கிடைத்தது.

இப்போது கோயிலுக்கு வருபவர்கள்

ஜூலை 26 கொடியேற்றம். துறைமுக இழுவைக் கப்பல்கள் சங்கு ஊத, வெண்புறாக்கள் பறக்க, கொடிமரத்தின் அடியில் மக்கள் பாலும் பழமும் படைப்பார்கள். நாள்தோறும் திருப்பலி, மறையுரை, நற்கருணை ஆசீர். ஆகஸ்ட் 5 அன்று பெருவிழா; மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். மாலையில் பவனி தெருக்களைச் சுற்றி வரும்போது வழியில் நிற்பவர்களில் இந்துக்களும் இசுலாமியரும் இருப்பார்கள். பரதவர்களின் அன்னையாகத் தொடங்கியவள் நகரத்தின் அன்னையாக விரிந்திருக்கிறாள்.

இந்த விரிவுக்குப் பின்னால் பொருளாதாரக் காரணமும் இருக்கிறது. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துச் சலாபம் 1961இல் முடிந்தது. அதற்குப் பிறகு சிப்பிப் படுகைகள் பலன் தரவில்லை. 1974இல் புதிய துறைமுகம், உப்பளம், அனல்மின் நிலையம், ஆலைகள் என்று நகரம் வேறு முகம் எடுத்தது. கரிசல் காட்டிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். முத்து போய்விட்டது, முத்துக்குளிப்போரின் பாதுகாவலி புதிதாக வந்தவர்களுக்கும் பாதுகாவலியானாள். தொழில் அழிந்தால் அதைச் சார்ந்த வழிபாடும் அழியும் என்ற பொதுவிதி இங்கே பொய்த்திருக்கிறது.

இத்தனை நீண்ட வரலாற்றின் சான்றுகள் ஓரிடத்தில் இல்லை. சவேரியாரும் மற்ற இயேசு சபையினரும் எழுதிய கடிதங்கள் ரோமில். போர்த்துக்கீசிய ஆவணங்கள் லிஸ்பனிலும் கோவாவிலும். ஒல்லாந்தர் கணக்குகள் தி ஹேக்கில். மதுரை மிஷன் தாள்கள் செண்பகனூர்க் காப்பகத்தில். இவை எல்லாம் வெளியே இருந்து பார்த்தவர்கள் எழுதியவை. கோயிலைக் காத்த மக்களின் எழுத்து எங்கே என்று தேடினால், திருமுழுக்குப் பதிவேடுகள், திருமணப் பதிவேடுகள், கல்லறைக் கல்வெட்டுகள், பட்டங்கட்டிக் குடும்பங்களின் ஓலைகள், தாள்கள், விழா அழைப்பிதழ்கள் என்று ஊருக்குள்ளேயே தேட வேண்டும். கடற்காற்றில் தாளும் கல்லும் அரிக்கும் வேகம் உள்நாட்டைவிட அதிகம்.

மதுரையில் நாயக்கர் காலத்தை ஆராய்பவர்களும் தூத்துக்குடியில் திருச்சபை வரலாறு எழுதுபவர்களும் இன்றுவரை பெரும்பாலும் தனித்தனி மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 96½ கல் உரிமையை நாயக்கர் வரலாற்றிலும், இராசத் தீவுக் குடிபெயர்வை மதுரையின் வரி வரலாற்றிலும், பொன்ரதத்தைத் தென்பாண்டித் தேர்க்கலை வரலாற்றிலும் சேர்த்து எழுதினால்தான் இரு தரப்புச் சித்திரமும் முழுமை பெறும். பெரிய கோயிலின் பதிவேடுகளையும் கல்லறைக் கல்வெட்டுகளையும் படியெடுத்து எண்மப்படுத்தும் வேலையை மறைமாவட்டமும் தென்மாவட்டப் பல்கலைக்கழகங்களும் கூட்டாக எடுத்துச் செய்யலாம். தேரோட்டத்தை நேரில் கண்ட முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்வதற்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு கைப்பேசியும் பொறுமையாகக் கேட்கும் மாணவர்களும் போதும். 1947ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது எண்பதைக் கடந்தவர்கள் என்பதால், பட்டியலில் முதல் வேலையாக இதைத்தான் வைக்க வேண்டும்.